வருடம், மாதம், நாள்

நான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த ஹூஸ்டன் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், தரைத்தளத்தில் மட்டும் நான்கு கழிப்பறைகள் இருந்தன. மேல் மாடிகளில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கீழே முன்பக்கம் பளிங்குத் தரையோடு பெரிதாக இரண்டு, பின்பக்கம் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒடுக்கமாக இரண்டு. பின்னால் இருந்த இரண்டிலும் இப்போது மாப்பும் வாளியும் வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது என் கண்ணில் பட்டுவிட்டது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதற்காவது காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. பராமரிப்பு ஆளைக் கேட்டேன். "எப்பவும் அப்படித்தான்" என்றார். சூப்பர்வைசரைக் கேட்டேன். "ரத்த சாம்பிளைப் பாருங்கள்" என்றாள். கடைசியில் லேப் அக்காவைக் கேட்டேன்.

லேப் அக்கா என்பது வீட்டில் நாங்கள் வைத்த பெயர். நோயாளிகளின் கையில் ரத்தம் எடுப்பவர், என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், லூசியானாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். எல்லோரையும் 'பேபி' என்பார், தலைமை டாக்டர் உட்பட. எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை.

"முன்னாடி ரெண்டு யாருக்கு, பின்னாடி ரெண்டு யாருக்குன்னு நீயே யோசி பேபி" என்றார்.

யோசித்தேன். புரிந்தது: முன்பக்கம் வெள்ளையருக்கு, பின்பக்கம் கறுப்பருக்கு. உடனே அடுத்த கேள்வி வந்தது. "அந்தக் காலத்துல நான் வந்திருந்தா எனக்கு எது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "உன்னைப் பார்த்தா அவங்களே குழம்பிப்போயிருப்பாங்க." அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் தயிர் சாதத்தை அவர் தொடவே மாட்டார், எலுமிச்சை ஊறுகாயை மட்டும் காலி செய்துவிடுவார்.

நான் சொல்லப் போவது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். நான் கிரீன் கார்டுக்காரி. கணவர் மென்பொருள் எஞ்சினியர். இரண்டு பிள்ளைகள், தமிழில் திட்டினால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது.

என் தவறைச் சொல்லும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை வாழ்க்கையில் நான் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. நாகர்கோவிலில் இருபத்தியொரு வயதில், இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனேன். "உங்க ஓட்டை ஏற்கெனவே போட்டாச்சே" என்றார் அங்கிருந்தவர். யார் போட்டார்கள்? எந்தச் சின்னத்தில்? நான் கேட்கக் கேட்க எல்லோரும் என்னைப் பைத்தியம்போலப் பார்த்தார்கள். அடுத்த தேர்தலுக்குள் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். அங்கே பட்டியலில் என் பெயரே இல்லை. அதற்கடுத்த தேர்தலின்போது நான் விமானத்தில் இருந்தேன். விரலில் மை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் அம்மாவையும் அத்தைகளையும் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது.

டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது நீட்டிய படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள விருப்பமா? விருப்பமாவது! ஆம் என்று டிக் அடித்தேன். அரசாங்க ஆபீஸில் ஒரு கார்டு தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் வம்சத்திலேயே இல்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் குடியுரிமை பற்றி ஏதோ இருந்தது. அதற்கும் ஒரு டிக். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள், நான் அவசரத்தில் இருந்தேன். வேறு சாக்கு எனக்கு இல்லை.

சில வாரங்களில் தபாலில் மஞ்சள் அட்டை வந்தது. என் பெயர், விலாசம், வாக்காளர் எண். நம் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன்: மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன், ஒன்றை ஃபைலில் வைத்தேன், அசலை லேமினேட் செய்தேன்.

அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தல். டெக்சஸில் தேர்தல் நாளுக்கு முன்பே இரண்டு வாரம் போல ஓட்டுப் போடலாம். லேப் அக்கா தன் சர்ச்சின் வேனை எடுத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் ஆட்களை ஏற்றிப் போய் ஓட்டுப் போட வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். சமையல்கட்டு ஆட்கள், துப்புரவு ஆட்கள், ஒரு நாள் ஒரு டாக்டர்கூட. நான் என் லேமினேட் அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"இதுக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்ட முதல் ஆள் நீதான் பேபி" என்று சொல்லி என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார்.

ஒரு நூலகத்தில் வாக்குச்சாவடி. எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் இருப்பார்கள். நான் குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பெட்டி எப்படி இருக்கும், மை வைப்பார்களா, திரை உண்டா? மை கிடையாது, ஸ்டிக்கர்தான் என்றார் அக்கா. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"குடியுரிமை உறுதிமொழி எடுத்தியே, அன்னைக்கு அழுதியா? எங்க சர்ச்ல ஒரு நைஜீரியாக்காரர் அழுதார்" என்றார் பேச்சுவாக்கில்.

"இன்னும் எடுக்கலையே அக்கா. அடுத்த வருஷம்தான் அப்ளை பண்ணப் போறோம்."

அவர் முகம் மாறியது. என் முழங்கையைப் பிடித்தார். ஊசி போடும் கை, பிடி இரும்பு. என்னை வரிசையிலிருந்து இழுத்து, கதவைத் தாண்டி, வேன் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். வரிசையில் எனக்கு முன்னால் அப்போது நான்கு பேர்தான் இருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கார்டு என் பெயரில் வந்திருக்கிறது, வரி கட்டுகிறேன், பத்து வருடமாக இந்த ஊரின் ரத்தத்தைத்தான் பரிசோதிக்கிறேன் என்றெல்லாம் கத்தினேன். கடைசியில் சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டேன். "உங்க ஜனங்களை உள்ளே விடலைன்னு போராடினீங்களே, இப்ப நீங்களே என்னை வெளியே இழுக்கறீங்களே!"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "குடிமகள் இல்லாம ஓட்டுப் போட்டா குற்றம். உன் கிரீன் கார்டு போயிடும். பிள்ளைங்களோட மூட்டை கட்டணும். இப்ப சட்டத்தை ரொம்பக் கடுமையாக்கியிருக்காங்க" என்றார். பிறகு, "வண்டியில ஏறு" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"ஏய், என்னடி பண்ணி வெச்சிருக்க? ஃபார்மைப் படிக்காம டிக் அடிப்பியா? டிப்போர்ட் பண்ணிடுவாங்கடி!"

"ஓட்டுப் போடலைங்க. வரிசையில நின்னேன், அவ்வளவுதான்."

"ரிஜிஸ்டர் பண்ணியிருக்கியே! சிட்டிசன்னு டிக் அடிச்சிருக்கியே!"

மகள், "மாம், ஆர் வி கோயிங் டு ஜெயில்?" என்றாள். அவளுக்கு உற்சாகம்.

மறுநாள் அவர் ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டார். பதிவை நீங்களே முன்வந்து ரத்து செய்யுங்கள், எழுத்தில் வாங்குங்கள், நேர்காணலில் உண்மையைச் சொல்லுங்கள் என்றாராம் வக்கீல். உண்மையைச் சொன்னால் குடியுரிமை கிடைக்குமா என்று கேட்டதற்கு, "பொய் சொன்னால் நிச்சயம் கிடைக்காது" என்று மட்டும் சொன்னாராம்.

பதிவை ரத்து செய்ய, நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் போன்ற கவுண்ட்டி ஆபீசுக்குப் போனபோது லேப் அக்காவும் வந்தார். நான் கூப்பிடவில்லை, அப்படிப் பேசிய பிறகு கூப்பிட எனக்கு முகம் இல்லை. அவராகவே விடுப்பு எடுத்து வந்தார். கவுண்ட்டரில் ஒரு சின்னப்பெண், மரியாதையாகப் பேசினாள். விஷயத்தைக் கேட்டாள், கம்ப்யூட்டரில் தட்டினாள், தானாகக் கேட்டுக்கொண்டதால் பெயர் நீக்கப்பட்டது, ஒருமுறையும் வாக்களித்ததில்லை என்று ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தாள். பழைய அட்டையைக் கேட்டாள். வாங்கி இரண்டாகக் கிழிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கத்தரிக்கோல் எடுத்தாள். என் லேமினேஷன் அதற்கும் மசியவில்லை. கடைசியில் காகிதம் வெட்டும் பெரிய கத்தியில் வைத்து அழுத்தினாள்.

வேனில் ஏறிய அக்கா சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷம்கூட ஆகலை, பார்த்தியா?" என்றார். "ஒரு பேரை எடுக்க."

அப்போதுதான் அவருடைய அம்மாவின் கதையைச் சொன்னார். லூசியானாவில் அறுபதுகளின் தொடக்கத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய ஒரு படிவம். அதில் பிறந்த தேதி மட்டும் போதாது. இன்றைக்கு உங்கள் வயது இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று எழுத வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் தள்ளிவிடுவார்கள். எது தப்பு என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் தப்பாக எழுதினால் கவுண்ட்டர்காரரே திருத்திக் கொடுப்பாராம்.

அம்மா முதல் முறை போனார், தப்பு. வீட்டுக்கு வந்து, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளும் அவருமாகக் காலண்டரை வைத்து நாள் நாளாக எண்ணினார்கள். இரண்டாம் முறை, தப்பு. இன்றைய நாளைச் சேர்க்காததுதான் காரணமோ என்று மூன்றாம் முறை சேர்த்து எழுதினார். அதுவும் தப்பு.

"அப்ப எதுதான் சரி?" என்றேன்.

"அதைத்தான் அம்மா அந்த ஆளைக் கேட்டாங்க. அடுத்த ஆளை வரச் சொன்னான்." சாவியைப் போட்டார். "மூணு தடவையும் நான்தான் கூடப் போனேன். யாரையாவது கவுண்ட்டருக்குக் கூட்டிட்டுப் போனா பேரைச் சேர்க்கத்தான் போவேன் பேபி. எடுக்கறதுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவை."

நான் அழுதேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் போதும் என்று சைகை காட்டி ரேடியோவைப் போட்டுவிட்டார்.

ஆனால் அந்தக் கணக்கு என்னை விடவில்லை. லேபில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஒரு காகிதத்தில் என் வயதைப் போட்டுப் பார்ப்பேன். இதில் எனக்கு இன்னொரு சிக்கல், எனக்குப் பிறந்தநாளே இரண்டு. உண்மையில் பிறந்தது ஐப்பசி மழையில். பள்ளியில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்று அப்பா ஜூன் மாதத்துக்கு மாற்றிவிட்டார். சர்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஜூன்தான். மாதத்துக்கு முப்பதா முப்பத்தொன்றா, பிறந்த நாளைச் சேர்க்கணுமா, இன்றைய நாளைச் சேர்க்கணுமா? ஒரே மதியத்தில் நான்கு விடை வந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள் நான், தினமும் ரத்த அணுக்களை எண்ணி எழுதிக் கொடுப்பவள். அந்தக் கவுண்ட்டரில் நான் நின்றிருந்தால் ஆயுசுக்கும் தேறியிருக்க மாட்டேன்.

குடியுரிமை நேர்காணல் வர மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் தபால்காரர் வந்தாலே நான் வாசலுக்கு ஓடுவேன். கணவருக்கு முதலில் கிடைத்துவிட்டது. என்னுடைய ஃபைல் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "நாங்க எல்லாம் இங்க, நீ மட்டும் நாகர்கோவில்" என்று அவர் கிண்டல் செய்வார். ஒருநாள் நான் தட்டை வைத்த வேகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

நேர்காணல் அன்று அதிகாரி கேட்டார். "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா?"

"ஆமாம்" என்றேன். கடிதத்தை நீட்டினேன்.

"ஓட்டுப் போட்டீர்களா?"

"இல்லை. வரிசையில் நான்கு பேர் பாக்கி இருக்கும்போது என் சிநேகிதி வெளியே இழுத்துவிட்டார்."

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து ஃபைலோடு உள்ளே போனார். சுவரில் இருந்த கொடியின் நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கினேன், பாதியில் கணக்கு விட்டுப்போயிற்று. திரும்பி வந்தவர், "உங்கள் சிநேகிதிக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார்.

உறுதிமொழி எடுத்த அன்று நான் அழவில்லை. அங்கேயே, மண்டபத்து வாசலிலேயே, வாக்காளர் படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு டிக் அடித்தேன். அட்டை வந்தபோது லேமினேட் செய்யவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுத் தேர்தல். அதே வேன், அதே நூலகம். ஆனால் முன் சீட்டில் இந்த முறை அக்காவின் அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய உடம்பு, தொப்பி, வெள்ளைக் கையுறை. அறுபத்தைந்தில் கறுப்பர்களுக்கான வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு பதிந்ததிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லையாம், பள்ளிக்கூடக் கமிட்டித் தேர்தலைக்கூட. நான் அவரை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன். அக்கா என்னைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

வரிசையில் அவர் சக்கர நாற்காலியில் எனக்கு முன்னால். வாசல் நெருங்கியதும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உனக்கு என்ன வயசு பேபி?"

நான் தயாராக இருந்தேன். காலையிலேயே போட்டு வைத்திருந்தேன். "நாற்பத்தி ரெண்டு வருஷம், நாலு மாசம், இருபத்தியொரு நாள்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. கையுறை போட்ட விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"இன்னைக்கையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை வருடம் கணக்குப் போட்டும் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினேன்.

"எனக்கும் தெரியாது" என்றார் அவர். "வா, உள்ளே போவோம்."

உள்ளே போனோம். பெயரைக் கேட்டார்கள், விலாசத்தைக் கேட்டார்கள். வயதை யாரும் கேட்கவில்லை.