இஸ்திரிப் பெட்டியோடு மலையேறிய ஞானம்மாள்

1969 நவம்பரில் கோத்தகிரிக்கு நடந்து ஏறப் புறப்பட்டபோது, சுமை குறையட்டும் என்று எட்மண்ட் தன் சீப்பை இரண்டாக ஒடித்துப் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். அதே பயணத்துக்கு ஞானம்மாள் ஆறு கிலோ கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஞானம்மாள் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் தையல் வேலை செய்தவர். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்த கணவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் தாம்பரத்தில் தபால் இலாகா எழுத்தர். நண்பன் எட்மண்ட் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். எங்கள் இருவருக்கும் ஊர் பார்க்கும் ஆசை நிறைய இருந்தது. விடுதி அறைக்குத்தான் வசதி இல்லை. அதனால் ஒரு கூடாரத்தைச் செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சனங்கள் நடக்காதவர்கள் அல்ல. திருநீர்மலைக்கு நடப்பார்கள், வேளாங்கண்ணிக்கும் நடப்பார்கள். சாமியைப் பார்க்க நூறு மைல் நடப்பவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மழையைப் பார்க்க நடக்கிறேன் என்று சொன்னால் மட்டும் மூளை சரியாக இருக்கிறதா என்று விசாரிப்பார்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பந்தல் துணி மலிவாகக் கிடைத்தது. அதை ஞானம்மாளிடம் கொடுத்து, கூடாரம் எப்படி இருக்க வேண்டும் என்று தாளில் வரைந்து காட்டினோம். மூன்று நாளில் தைத்துவிட்டார். மிச்சத் துணியில் எங்களுக்கு முதுகுப் பைகளும் தைத்திருந்தார்.

"கூலி எவ்வளவுக்கா?" என்றான் எட்மண்ட்.

"கூலி வேணாம். என்னையும் இட்டுகினு போங்க."

எட்மண்ட் சிரித்தான். "அங்க மழை கொட்டும்க்கா. ரூம் கிடையாது, கட்டில் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அதுக்குத்தான் வரேன்றேன். இருபது வருசமா இந்த மெசினாண்ட குந்திகினு கீறேன். மழை வந்தா இன்னா பண்றேன்? கொடில கீற துணிய எடுக்கறேன். ஒழுவற எடத்துல சட்டி வெக்கிறேன். மெசின் மேல சாக்கு போடறேன். மழைய எங்க தம்பி பாத்தேன்? ஒரு தபா, எதையும் காப்பாத்தாம மழைய பாக்கணும்."

பெண் விடுதலை பற்றிக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஊர் என்ன சொல்லும்க்கா?"

"ஊரா வந்து எனக்கு பட்டனுக்கு காஜா எடுத்து குடுக்குது?" என்றார் ஞானம்மாள். அவரையும் சேர்த்து மூன்று பேர் என்று முடிவாயிற்று.

துணி தயார், ஆனால் மழை தாங்காது. மெழுகை உருக்கித் துணியில் தடவி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் நீர் இறங்காது என்று எட்மண்ட் ஒரு புத்தகத்தில் படித்திருந்தான். அவ்வளவு மெழுகுக்கு எங்கே போவது? வழி சொன்னவரும் ஞானம்மாள்தான். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்கள் இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மழை பெய்யாமல் இருந்ததே இல்லை. எல்லா வர்த்தியும் பாதியில் அணைந்து நிற்கும்.

ஆனால் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. உள்பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள். வெளிப்பக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள். ஞானம்மாளின் கணவர் வெளிப்பக்கம் கிடந்தார். உயிர்த்தெழும் நாளில் எல்லோரும் ஒன்றாக எழுவார்கள் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்துவிட்டு, படுக்கும்போது மட்டும் நடுவில் செங்கல் அடுக்கிவைத்த யோக்கியர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். உள்பக்கத்து மெழுகுத் துண்டுகளைச் சேர்த்து உருக்கிக் கோயிலுக்குப் புது வர்த்தி செய்வார்கள். வெளிப்பக்கத்துத் துண்டுகளை அந்த வர்த்தியில் கலப்பதில்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிப்பக்கத்து வர்த்திகள் ஒல்லியானவை. அவற்றை உருக்கியதில் கூடாரத்தின் ஒரு பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது. மறுநாள் ஞானம்மாள் கூடையோடு சுவருக்கு உள்பக்கமும் போய், தடித்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அன்று மாலையே, கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஏசுபாதம் ஞானம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாங்கள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் சட்டி கொதித்தது.

"என்ன ஞானம் இது? ரெண்டு பக்கத்து மெழுகையும் ஒரே சட்டியிலயா போட்ட?"

"ஆமா. இப்ப இன்னா, பிரிச்சு எடுத்துகினு போறீங்களா?" கரண்டியை அவர் பக்கம் நீட்டினார் ஞானம்மாள்.

உபதேசியார் கெட்ட மனிதர் அல்ல. பெரிய வீட்டுக்காரர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். குரலைத் தாழ்த்திப் பேசினார். "இதோ பாரு. மெழுகு சமாச்சாரத்த நான் யாருக்கும் சொல்லல. ஆனா, ரெண்டு எளவட்டத்தோட மலைக்குப் போறியாமே? அது வேணாம். போனேன்னா பீடத் துணி தையல வேற ஆளுக்குத்தான் குடுப்பாங்க. அப்புறம் என்னைக் கேக்காதே."

கோயில் பீடத்துக்கான வெள்ளைத் துணிகளைத் தைப்பதும் துவைப்பதும் ஞானம்மாளின் பிழைப்பில் பாதி. விட்டுவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய், தைத்து முடித்து மடித்து வைத்திருந்த இரண்டு பீடத் துணிகளை எடுத்துவந்து உபதேசியாரின் கையில் வைத்தார்.

"இத்த எடுத்துகினு போயிடுங்க. மழை வரும். நனையாம பாத்துக்கோங்க."

அதன் பிறகு சாகும்வரை அவர் கைக்குப் பீடத் துணி வரவில்லை. பால்காரர்களுக்கும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மெழுகுத் துணிப் போர்வை தைத்துக் கொடுத்துச் சமாளித்தார். மழைக்காலம் முடிந்தால் கஷ்டந்தான். ஆனாலும் 1976 வரை ஒவ்வொரு நவம்பரும் எங்களோடு வந்தார். கொல்லிமலை, ஏற்காடு, ஒருமுறை குடகு. நினைத்துப் பார்த்தால் எல்லாப் பயணங்களும் ஒரே ஈர வாசனையாகக் கலந்து கிடக்கின்றன. முதல் பயணம் மட்டும் தனியாக நிற்கிறது.

மேட்டுப்பாளையம் ரயிலில் மூன்றாம் வகுப்பு. அவர் மடியில் இஸ்திரிப் பெட்டி.

"அக்கா, இது எதுக்கு?" என்று பத்தாவது முறையாகக் கேட்டான் எட்மண்ட்.

"வேல செய்யறவ ஆயுதத்த வுட்டுட்டு வருவாளா?"

எதிர் இருக்கைக்காரர் சும்மா இருக்கவில்லை. "என்னம்மா, மலைக்கு இஸ்திரி போடப் போறீங்களா?"

"ஆமா சார். ஒரே சுருக்கமா கீதாமே!"

ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. மலை ஏறத் தொடங்கியபோது எட்மண்ட் சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி அவன் முதுகில் இருந்தது. அவலும் வெல்லமும் தின்றுகொண்டு, காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து உதிர்த்துக்கொண்டு, குஞ்சப்பனை ஊருக்கு மேலே ஓர் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மூங்கில் வெட்டிக் கூடாரம் போட்டோம். நடுப்பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது.

கால் மணி நேரத்தில் ஒழுகியது. தாம்பரத்து வெயிலில் குழைந்து கிடந்த மெழுகு, மலைக் குளிரில் விறைத்து, மடித்த இடமெல்லாம் கண்ணாடிபோல் விண்டிருந்தது. மடிப்புக் கோடுகள் வழியாகத் தண்ணீர் வரிசையாகச் சொட்டியது. அடுத்த நொடி ஞானம்மாள் அவல் சட்டியை ஒழுகும் இடத்தில் வைத்தார். போர்வையைச் சுருட்டி மடிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு தன் கைகளையே பார்த்தார்.

"பாத்தியா," என்றார். "இங்கயும் அதே வேலதான்."

அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. பாதிப் பிழைப்பை உதறிவிட்டு முன்னூறு மைல் வந்தவர், வீட்டில் வைத்த அதே சட்டியை மலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கிவிடலாம் என்றேன்.

"இறங்கறதா? அந்தப் பொட்டிய எடு."

மழை சற்று விட்டது. தகர டப்பாவில் நனையாமல் கொண்டுவந்திருந்த கரியைப் பெட்டிக்குள் போட்டுப் பற்றவைத்தார். பாறையில் போர்வை விரித்து, அதன்மேல் கூடாரத் துணியைப் போட்டு முதலில் ஈரம் போகத் தேய்த்தார். மலை முழுக்க மூடுபனி, எங்கள் பாறையில் மட்டும் ஆவி. பிறகு உருக்காமல் மிச்சம் வைத்துக் கொண்டுவந்திருந்த மெழுகுத் துண்டுகளை மடிப்புகளில் உரசினார். அவற்றில் தடித்ததும் இருந்தது, ஒல்லியும் இருந்தது. சூடு பட்டதும் இரண்டும் ஒன்றாக இளகித் துணிக்குள் இறங்கின. எட்மண்ட் பெட்டியை விசிறிக்கொண்டே, "இதைத் தூக்கிட்டு வந்தது யாருன்னு ஞாபகம் வச்சுக்குங்க," என்றான்.

கூடாரத்தை மீண்டும் கட்டி முடித்தபோது மழை முன்னைவிடப் பலமாக வந்தது. மூவரும் உள்ளே முகத்தை அண்ணாந்து காத்திருந்தோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஞானம்மாள் எல்லா மடிப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். அவல் சட்டியைக் கவிழ்த்து ஓரமாக வைத்தார். செய்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை. எழுந்து வெளியே போய், ஓடையை ஒட்டியிருந்த பாறையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நனையறீங்க!" என்று எட்மண்ட் கத்தினான்.

"தெரியுதுப்பா."

வெகுநேரம் அப்படியே இருந்தார். எதிர்மலை இல்லாமல் போயிற்று, மரங்கள் இல்லாமல் போயின, ஓடை செம்மண்ணாகப் பெருகியது. பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"தாம்பரத்துலயும் இப்ப பேயுமா? பீடத் துணி கொடில கெடக்கும்."

கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

"எவளோ ஓடுவா, பாவம்," என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து மழையில் நீட்டிக்கொண்டார்.