சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா

பாஸ்போர்ட்கூட இல்லாத சித்தப்பாவைச் சிங்கப்பூருக்கு அனுப்பி வைத்தது என் அம்மாதான். அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, பெண்ணின் சித்தப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு வேறு என்ன சொல்வது? சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அடுக்குமாடி வீடு, கார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டில் குடிசை போட்டுத் தனியாகக் கத்தரிக்காய் வளர்க்கிறார் என்று சொன்னால், குடும்பத்தில் பைத்தியம் இருக்கிறது என்றல்லவா திரும்பிப் போவார்கள்?

எனக்கு அப்போது பத்து வயது. கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போது அப்பாவுடன் நடந்தே திட்டுக்குப் போவேன். ஏன் இங்கே வந்தீங்க என்று சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"அங்க எதை வாங்கினாலும், அடுத்து என்ன வாங்கப்போறேன்னு கேட்டாங்க பாப்பா. நானும் அதையே கேட்டுக்கிட்டிருந்தேன். இங்க வந்தப்புறம் அந்தக் கேள்வியே வரல."

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. டிவி இல்லாத இடத்தில் ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்பதுதான் என் கவலை.

ஆவணியில் பட்டுக்கோட்டையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மேட்டூர் நிரம்பிவிட்டது, கொள்ளிடத்தில் தண்ணீர் வருகிறது என்று அன்று காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகச் சொல்லிப் போயிருந்தது. சித்தப்பாவிடம் செல்போன் கிடையாது, அதையும் விட்டிருந்தார். "அவங்க கிளம்பட்டும், நானே பரிசல்ல போயி கூட்டியாந்துடறேன்" என்று அப்பா அடுப்படியில் அம்மாவிடம் கிசுகிசுத்தார். வந்தவர்களோ கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை. கேசரி முடிந்து பஜ்ஜி வந்தது, பஜ்ஜி முடிந்து காபி வந்தது.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குப் புதிதாக வந்திருந்த வி.ஏ.ஓ. வாசலில் வந்து நின்றார். "திட்டுல உங்க வீட்டு ஆளு ஒருத்தர் இருக்கிறதா சொல்றாங்களே சார்?"

மாப்பிள்ளையின் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்பா சிரிக்க முயன்றார். "அதெல்லாம் முன்ன. இப்ப யாரும் இல்லீங்க."

நான் கொல்லை வழியாக ஓடினேன். தெருமுனையில் வி.ஏ.ஓ.வின் பைக்கை மறித்து, மூச்சு வாங்கச் சொன்னேன். "சித்தப்பா அங்கதான் இருக்காரு சார். நான் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அதன் பிறகு ஜன்னலை விட்டு நகரவில்லை. சித்தப்பா வந்தால் அக்காவுக்குக் கல்யாணம் இல்லை. வராவிட்டால் சித்தப்பாவே இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பிள்ளையாரை வெறுமனே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வி.ஏ.ஓ. அனுப்பிய பரிசல்காரர் தெருவில் விட்டுப்போக, சித்தப்பா சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். "இவரு யாருங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. சித்தப்பா அப்பாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தார்.

"இவங்க வீட்ல தோட்ட வேலை பாக்குறேங்க" என்று கும்பிட்டுவிட்டு, சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்விட்டார்.

சம்பந்தம் அன்றே முடிவானது. அவர்கள் கிளம்பியதும் அம்மா கொல்லைத் தாழ்வாரத்தில் சித்தப்பாவுக்கு இலை போட்டாள். "இனிமே இங்கயே இருந்துடுங்க தம்பி" என்று அழுதாள்.

"தண்ணி வடியட்டும் அண்ணி, வேற குடிசை போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் ரசித்துச் சாப்பிட்டார்.

அப்பா வந்தார். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தப்பா எழுந்ததும், அப்பா குனிந்து அந்த எச்சில் இலையை மடித்து எடுத்தார். "விடுண்ணே" என்றார் சித்தப்பா. "குடுங்க, நான் எடுக்கறேன்" என்று அம்மா பதறினாள். அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. அவர் கை நடுங்கியது. காட்டிக்கொடுத்த என் மேல் இருக்கிற கோபத்தில்தான் நடுங்குகிறது என்று நினைத்து, இருட்டும்வரை நான் வெளியே வரவேயில்லை.