காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் ஒரு துளி எண்ணெய்

1942 ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்ததே, அதற்கு அடுத்த கிழமை எங்கள் ஒரே பிள்ளை செல்வமணிக்கு நெருப்புக் காய்ச்சல், டைபாய்டு என்கிறார்களே அது, கண்டது. அவளுக்கு ஏழு வயது. நாங்கள் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குக் கிட்ட வாடகை வீட்டில் இருந்தோம்.

டாக்டர் நல்ல மனிதர். "மருந்தெண்டு பெரிசா ஒண்டுமில்லை. கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்கோ. பிள்ளையை அசைக்கவே கூடாது, குடல் ஓட்டையாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சைரன் ஊதினால் தெருவே பதுங்குகுழிக்கு ஓடும். நானும் மனைவி ஞானம்மாவும் கட்டிலின் இரு பக்கமும் நின்று பிள்ளைக்கு மேலே குனிந்துகொள்வோம். குண்டு முந்துமா, குடல் முந்துமா என்று தெரியாது. "ஆண்டவரே" என்பேன். அதற்குப் பிறகு எனக்கு வாய் எழும்பாது.

ஆலயம் பூட்டிக் கிடந்தது. போதகர் ஐயாவும் சபையில் பாதிப் பேரும் கொழும்பை விட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சின சில குடும்பங்கள் எங்கள் சபையின் மூப்பரான தம்பிமுத்து வீட்டு முன்னறையில் கூடினோம். ஞானம்மா பிள்ளையோடு இருக்க, நான் போய்வருவேன். அவர் தையல்காரர். மெஷினை ஒதுக்கி வைத்துவிட்டு எல்லாரும் நின்று ஜெபிப்போம். அவரவர் கொண்டு வந்ததைப் பங்கிட்டுச் சாப்பிடுவோம். வர முடியாத நோயாளி வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். மணி இல்லை, ஆர்மோனியம் இல்லை. இதுவும் ஓர் ஆராதனையா என்று எனக்குள் ஒரு குறை.

"அப்போஸ்தலர் காலத்தில இவ்வளவுதான் இருந்தது, தம்பி" என்பார் மூப்பர்.

அந்தக் காலத்துச் சபையார் நோயாளியின் வீட்டுக்கு மூப்பர்மாரை அழைத்து, எண்ணெய் பூசி ஜெபித்தார்கள் என்றும் வேதத்தில் இருக்கிறது. காய்ச்சல் கண்ட மூன்றாம் வாரம் பிள்ளை ஆளறியாமல் பிதற்றத் தொடங்கினாள். நான் மூப்பரிடம் ஓடினேன்.

பின்னேரம் அவர் வந்தார். கூடவே தாவீது மூப்பர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒரு கால் கொஞ்சம் நொண்டுவார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டதும் ஞானம்மா வாசலை மறித்துவிட்டாள்.

"காய்ச்சல்காரப் பிள்ளைக்கு எண்ணெயோ? சன்னி கண்டிடும்! உங்களுக்கென்ன விசரோ?"

"முழுக வாக்கப் போறதில்லை, தங்கச்சி. நெத்தியில ஒரு துளிதான்" என்றார் தம்பிமுத்து மூப்பர். "ஒலிவ எண்ணெய் தேடினனான், கப்பல் வரேல்லையாம். தேங்காயெண்ணெய்தான் கிடைச்சது."

"தேங்காயெண்ணெய் இன்னும் குளிர்!"

காய்ச்சலில் எண்ணெய் என்றால் எங்கள் ஆட்களில் எந்தத் தாய்தான் நடுங்க மாட்டாள்? எனக்கும் நடுக்கம்தான். வேதம் ஒரு பக்கம், பெற்றவள் ஒரு பக்கம்.

அந்த நேரம் பார்த்துச் சைரன் ஊதியது. தெருவில் கதவுகள் அடிபட்டன. ஞானம்மா உள்ளே பாய்ந்து பிள்ளைக்கு மேலே குனிந்தாள்.

"அண்ணை, நீங்கள் ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

அவர்கள் ஓடவில்லை. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலடியில் முழங்காலிட்டார்கள்.

"உங்களுக்குப் பயமில்லையோ?" என்று ஞானம்மா அழுதுகொண்டு கேட்டாள்.

"பயந்தான் தாயி" என்றார் தாவீது மூப்பர். "ஆனா இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் குழிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிரும்."

அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மெல்லச் சொன்னாள்: "வையுங்கோ. ஒண்டுக்கு மேலே வேண்டாம்."

மூப்பரின் விரல் பிள்ளையின் நெற்றியில் பட்டது. நாலு பேரும் ஆண்டவரை நோக்கிக் கதறினோம். அன்று எனக்கு ஜெபம் வந்தது.

குண்டு விழவில்லை. காய்ச்சல் உடனே இறங்கவுமில்லை, பொய் சொல்ல மாட்டேன். மறுநாளும் கொதித்தது. அதற்கு மறுநாள் விடியப் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். டாக்டர் வந்து பார்த்து, இனிப் பயமில்லை என்றார். அவர் கைக்கும் நன்றி. அந்தக் கையைத் தந்த கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இப்போது ஆலயம் திறந்துவிட்டது. போதகர் ஐயாவும் வந்துவிட்டார். ஆனாலும் நாங்கள் அந்த வீட்டுக் கூட்டத்தை விடவில்லை. ஆதிச் சபையாரின் வழக்கமெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தவன் நான். ஆபத்தில் இருவர் எழும்பி ஓடாமல் என் வீட்டில் இருந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தனியே தவிக்கிறவர்களே, கதவைச் சாத்தி வைக்காதீர்கள். உங்கள் மூப்பரைக் கூப்பிடுங்கள். கர்த்தர் கேட்பார். கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் எங்களுக்கு ஆள் அனுப்புங்கள், ஞானம்மாவும் வருவாள். நீங்கள் வேண்டாம் என்றால் எண்ணெய் வைக்க மாட்டோம். பக்கத்தில் இருப்போம்.