ஆடாத மீன்

பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு ஆடுகிற பொருள் எதுவும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரி நான், பட்டவள் சொல்கிறேன். காப்பி குடிக்க வந்தால் முதலில் ஸ்டூலை ஆட்டிப் பார்ப்பார். ஒரு கால் லேசாகத் தூக்கியிருந்தால் போதும், காப்பி ஆறிப்போகும், சுத்தியல் வந்துவிடும். எட்டயபுரம் ரோட்டில் தகரப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் அடித்த டிரம்மைக் கரடுமுரடான ரோட்டில் உருட்டினாலும் மூடி கடகடக்காது. அதில் அவருக்குக் கர்வம், எனக்கு எரிச்சல்.

பிளாஸ்டிக் டிரம் வந்த பிறகு பட்டறை படுத்துவிட்டது. இரண்டாயிரத்து மூன்று கோடையில் தூத்துக்குடி மீன்பிடி வள்ளக்காரர் தொம்மை, டீசலுக்கு டிரம் வாங்க வந்தவர், பையிலிருந்து ஒரு தகர மீனை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டுச் சரக்கு. நடுவில் ஒரு நெளிவு, வாலில் தூண்டில் முள். கயிற்றில் கட்டி வள்ளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், நிஜ மீன் என்று நம்பிச் சீலா மீன் வந்து கடிக்குமாம்.

“இதே மாதிரி அடிச்சுத் தாங்க அண்ணாச்சி. சரியா வந்திச்சின்னா எங்க கரையே உங்ககிட்டதான் வாங்கும். ஞாயித்துக்கிழமை வாரேன்” என்று சொல்லிவிட்டு, அளவெடுக்கக் கொடுத்த மீனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

இதுவும் கைவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அண்ணாச்சி மனைவி சீனித்தாய் மதினி என்னிடம் அழுதாள்.

அண்ணாச்சி அடித்த முதல் மீன் நன்றாகத்தான் வந்தது. அதே நீளம், அதே கனம், நடுவில் அதே நெளிவு. சோதித்துப் பார்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் கண்மாயில் சீமைக் கருவேலம்தான் நிற்கிறது. தெருக்குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வந்தால் அதிசயம்.

அந்த அதிசயம் நடந்த அன்று, பின்னால் குடங்கள் வரிசை கட்டி நிற்க, இந்த மனிதர் கயிற்றில் கட்டிய மீனைக் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பட்டதும் மீன் இடமும் வலமும் துள்ளியது. கயிறு விர்ரென்று அதிர்ந்தது.

“அண்ணாச்சி, குடத்த வைக்க விடுதீங்களா இல்லையா?”

“இரும்மா. சனியன், இந்த ஆட்டம் ஆடுதே! எல்லாம் இந்த நெளிவு செய்யுத வேல. வெளிநாட்டுக்காரன் கோணலா அடிச்சு வச்சிருக்கான்.”

என் குடம் பாதி நிறையும்போது தண்ணீர் நின்றுவிட்டது. நான் கத்தியது அவர் காதிலேயே விழவில்லை. பட்டறைக்குப் போய் அந்த மீனை மூலையில் வீசிவிட்டு, ஸ்கேல் மாதிரி நேராக ஒன்று அடித்துப் பளபளவென்று தேய்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தொம்மை வந்தார். புது மீனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “தண்ணி இருக்கா?” என்றார்.

வாரம் முழுவதற்குமான தண்ணீர் மதினியின் சிமிண்டுத் தொட்டியில் இருந்தது. அதில் யாரையும் கை வைக்க விடமாட்டாள். அன்று அவளே மூடியை எடுத்தாள். தொம்மை மீனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார். அது வெறும் தகரமாக வந்து சேர்ந்தது.

“இது செத்த மீனுல்லா அண்ணாச்சி! இழுக்கும்போது தண்ணி நெளிவுல மோதி ஒரு பக்கமாத் தள்ளணும். அங்கன சாஞ்சதும் மறுபக்கம் மோதி இங்கன தள்ளணும். அந்த ஆட்டந்தான் சீலாவக் கூப்பிடுது. கயிறு கையில துடிக்க வேண்டாமா?”

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. “குழாயடில துடிச்சுது. நாந்தான் நேராக்கிட்டேன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் அரைக்குடம் தண்ணீர் இதற்கா போயிற்று!

மதினி பட்டறைக்குள் போய், மூலையைக் கிளறி, முதல் மீனை எடுத்து வந்தாள். கயிற்றை அவளே கட்டினாள், அவளே இழுத்தாள். மீன் நெளிந்து நெளிந்து ஓடியது. தொட்டித் தண்ணீர் தளும்பி வெளியே கொட்டியதை அவள் பார்க்கவே இல்லை.

“துடிக்குது! ஏங்க, துடிக்குது!” என்று கத்திவிட்டுக் கயிற்றை அவர் கையில் திணித்தாள். “பிடிச்சுப் பாருங்க. இனிமே இத நேராக்குதேன்னு சுத்தியலத் தொட்டீங்க, பொல்லாதவளாயிருவேன்.”

அண்ணாச்சி ஒருமுறை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். தொம்மை அந்த மீனையே கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “இதே கோணலோட அடிங்க” என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தார். ஸ்டூல் ஆடியது. கையை வைத்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு அப்படியே அதன்மேல் உட்கார்ந்து, காப்பியைச் சூடாகக் குடித்தார்.