மீன் படாத சட்டிகள்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் சிறிய பயண நிறுவனத்திலிருந்து மாதந்தோறும் தென் தாய்லாந்துக்கு ஒரு பேருந்து புறப்படும். கிள்ளானிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலோர் சைவம். புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். எல்லைக்கு அப்பால் ஒருவேளைகூட வெளியில் உண்ணமாட்டார்கள். அந்த ஊர்களுக்கு நாங்கள் விட்டுவந்ததெல்லாம் காலிப் பொட்டலங்கள்தாம்.

அது என்னை உறுத்தியது. குண்டுவெடிப்புகளுக்கு நடுவே வாழும் அம்மக்களின் மேசையில் நாம் உட்கார்ந்து உண்டாலே இருபக்க அச்சமும் கொஞ்சம் விலகும் என்று நம்பினேன். எல்லை தாண்டிச் சாலையோரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மலாய் முஸ்லிம் பெண்மணி ஒருவரிடம் பேசினேன். கணவரை இழந்தவர். அவருடைய மகள் எல்லைக்கு இப்பால், எங்கள் நகரின் செராஸ் பகுதியில், தொம்யாம் எனும் தாய்லாந்துப் புளிப்பு சூப் விற்கும் ஒரு கடையில் வேலை செய்தாள். மகளின் குழந்தை இவரிடம் வளர்ந்தது.

"உங்கள் பேருந்து தவறாமல் நின்றால் மகளை வரவழைத்துக்கொள்வேன், காக்" என்றார் மலாயில்; 'காக்' என்றால் அக்கா. எங்களுக்காகவே மீன் படாத புதுச் சட்டிகள் வாங்கினார். பெலாச்சான் எனும் இறால் விழுது சேர்க்காமல் மிளகாய்ச் சம்பல் அரைத்தார்.

அவர் கடையில் நிற்கவேண்டிய முதல் பேருந்து புரட்டாசியில் போனது. கடை வாசலில் நின்றபோது, வேறொரு மாவட்டத்தில் குண்டு வெடித்த செய்தி எல்லார் கைப்பேசியிலும் வந்திருந்தது.

"இறங்காதீங்கலா, அக்கா!" என்றார் முன்னிருக்கைப் பெண்மணி.

"அது எங்கேயோ வெடிச்சிருக்கு, ஆன்டி. இங்கேருந்து ரொம்ப தூரம்" என்றேன்.

"தூரம்னு குண்டுக்குத் தெரியுமா? உக்காருங்க, என் புளிச்சோத்துல உங்களுக்கும் தரேன்."

பின்னிருக்கையிலிருந்து ஒருவர் ஓட்டுநரிடம் கத்தினார்: "பாஸ், எஞ்சினை மட்டும் நிப்பாட்டிடாதீங்க!"

நான் மட்டும் இறங்கினேன். மேசைகளில் தட்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. கடைக்காரப் பெண்மணி பேருந்தின் மூடிய சன்னல்களைப் பார்த்தார். எனக்குச் சோறு பரிமாறினார். பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டிருக்க, அவசரமாக உண்டேன். புறப்படும்போது சம்பல் போத்தலொன்றைக் கையில் தந்து, "மகளிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

ஊர் திரும்பியதும் செராஸுக்குப் போனேன். மகள் முகம் மலர்ந்து வந்தாள்.

"எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாமே! அம்மா போன் செய்தார். மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொள்வதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன்."

போத்தலை நீட்டினேன். அவள் அதைத் திறந்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. கரண்டி நுனியால் தொட்டுச் சுவைத்தாள்.

"பெலாச்சான் இல்லை. இது எனக்காக அரைத்ததில்லையே." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை பேர் சாப்பிட்டார்கள், காக்?"

"நான் ஒருத்திதான்."

மூடியைத் திருகி மூடினாள். முதலாளியிடம் போய் ஏதோ பேசினாள், அவர் தலையசைத்தார். பிறகு அங்கேயே நின்று தாயை அழைத்தாள். சம்பல் மிக நன்றாக இருக்கிறது என்றாள். கடையில் ஆள் பற்றவில்லை, இந்த ஆண்டு தன்னை விடமாட்டார்களாம் என்றாள். குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.