வேலியோரத்து லார்ச்

சமையலறையில் துயாரா எண்ணுவது கேட்டது. "நாப்பது... நாப்பத்தொண்ணு."

"விறகைக்கூட விடமாட்டியா? டீ ஆறுது!" என்று சிரித்தபடி வந்தார் உய்பான்.

வன அலுவலகத்தில் வளையங்களை எண்ணி மரங்களின் வயதைக் கணிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் அவள். அவள் கையில், காலையில் அவர் வேலியோரம் வெட்டிய லார்ச் மரத்தின் அடிக்கட்டை. மணிக்கட்டுத் தடிமன்தான்.

"இதுக்கு வயசு நாப்பத்தொண்ணு, மாமா."

"போடி! எங்க தெக்குப் பக்கம் அந்த வயசு மரத்தக் கட்டிப்பிடிக்க முடியாது."

"இங்க ரெண்டு முழம் தோண்டினா ஐஸ். வேர் எங்க போகும்?"

அவர் சிரிப்பு நின்றது. மகள் சாய்னா பிறந்த கோடையில் மனைவி ஒரு லார்ச் விதை ஊன்றினாள். ஐந்து வயதில் மகளை ஆறு கொண்டுபோனது. அதன் பிறகு, அது எந்த மரம் என்று மனைவியிடம் கேட்க அவருக்குத் துணிவில்லை. மனைவியும் போன பிறகு, காட்டில் பெரிய மரங்களாகப் பார்த்துத் தேடினார்.

கோடைதோறும் மனைவி வேலியோரம் படையலாகக் குதிரைப்பால் ஊற்றுவாளே! "வேலிக்கு விருந்தா?" என்று அவர் கேலி செய்தாரே!

"உனக்கு என்ன வயசும்மா?"

"நாப்பத்தொண்ணு. சாய்னா வயசுதான். ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கட்டையக் குடு."

"அடுப்பு அணையப்போகுது, குளிருமே."

"குளிரட்டும்."

கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். துயாரா தயங்கி நின்றாள். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.