ஓடிக்கொண்டே அழுத பாட்டு

சின்னசேலம் தாண்டி பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு சேகோ மில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, சவ்வரிசி ஆக்குகிற இடம். கழிவுத் தண்ணீர் வாய்க்காலில் நின்று புளித்து ஒரு நாற்றம் வரும் பாருங்கள், தூங்குகிறவர்கள்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். போன வாரம் பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலோரம் சாய்ந்து மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற இந்த டீச்சர் ஒரு காலத்தில் பாப் பங்க் பேண்டில் பேஸ் கிடார் வாசித்தவள் என்றும், அந்த பேண்ட் பிறந்ததே இந்த நாற்றத்துக்குள்தான் என்றும் அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லலாம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், என் மாமியார் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்தபோது என் வகுப்பில் சாதிக் என்று ஒருவன். கல்யாண ஊர்வல பேண்ட் செட்டில் டிரம் அடித்துக் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறவன். அவனுடைய மாமா ஒரு சேகோ மில்லை நடத்த முடியாமல் மூடிப் போட்டிருந்தார். அந்த ஷெட்தான் எங்களுக்குக் கிடைத்தது. தகரக் கூரை, காய்ந்த தொட்டிகள், சுவரெல்லாம் வெள்ளையாக மாவு. பக்கத்து மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் நாற்றத்துக்குக் குறைவில்லை. வாசித்து முடித்து வெளியே வந்தால் தலைமுடியில் மாவு. நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டரில் என்ன மாவு என்று அம்மா ஒருநாள்கூடக் கேட்காதது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

மூன்றாவது ஆள் கோவிந்து. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர். அவன்தான் பாடுவான், கிடார் அடிப்பான், பாட்டும் எழுதுவான். பள்ளிக்கூட ஹாஸ்டலில் யாரோ ஒரு சீனியர் விட்டுப்போன மெமரி கார்டில் வெளிநாட்டுப் பையன்கள் பாடின பாட்டு நிறைய இருந்ததாம். இங்கிலீஷ் ஒரு வரி புரியாமல் அதைக் கேட்டுக் கேட்டே கிடார் பழகிவிட்டான். முதல் தடவை எங்களுக்குப் போட்டுக் காட்டியபோது எனக்குத் தலைவலி வந்தது. சாதிக் மட்டும் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு சொன்னான், "அழுவுறான்பா. ஆனா ஓடிக்கினே அழுவுறான்." பாப் பங்க் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் இன்றுவரை நான் சொல்கிற பதில் அதுதான்.

பேண்டுக்குப் பெயர் 'கடைசி பஸ்'. மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க கோவிந்து எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். எங்கள் பாட்டெல்லாம் ரொம்பச் சின்னதாக இருந்ததற்கும் அதுதான் காரணம். பிற்பாடு சென்னையில் ஒருவர் எங்கள் பாட்டின் 'வடிவச் சிக்கனம்' பற்றி எழுதியதாகக் கேள்விப்பட்டு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

என் பேஸ் கிடார் பழையது, சேலத்தில் வாங்கியது, உறை கிடையாது. எங்கள் வீட்டு யூரியா சாக்கை நானே தைத்து உறையாக்கினேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அதைச் சந்தேகமாகத் தட்டிப் பார்த்து, "இன்னாமா இது, மம்புட்டியா?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

முதலில் காலேஜ் டேயில் வாசித்தோம். பாதியில் கரண்டு போனது. சாதிக் நிறுத்தவில்லை. கோவிந்து மைக் இல்லாமல் கத்தினான், பையன்கள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். அப்புறம் சங்கராபுரம் பக்கம் ஒரு திருவிழாவில், டான்ஸ் குரூப்புக்கு நடுவே கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். பேண்ட் என்றதும் டிரம்பெட், தலைப்பாகையோடு வருவோம் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டு போடச் சொல்லிக் கத்தினார்கள், ஒரு ஆள் செருப்பைக் கையில் எடுத்தார். அப்போதுதான் கோவிந்து அந்தப் பாட்டை எடுத்தான்.

எறங்கி வந்தா எடமில்ல,
ஏறிப் போனா வேலயில்ல,
நடுவழியில நிக்குது பஸ்ஸு,
நான் மட்டுந்தான் எறங்கல.

அவ்வளவுதான் பாட்டு. இதையே வெவ்வேறு வேகத்தில் கத்துவான். மலையிலிருந்து கரும்பு வெட்ட வந்திருந்த பையன்கள் கும்பலாகப் பின்னால் நின்றிருந்தார்கள். அவர்கள் மெதுவாக முன்னால் வந்தார்கள். இரண்டாவது சுற்றில் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். செருப்பை எடுத்த ஆள் அதைக் காலில் மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். யாரோ அதை செல்போனில் பிடித்துப் போட்டுவிட, ஊர் ஊராகப் போனது அந்த வீடியோ.

எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. அதிகம் பேசமாட்டார். போனைத் தள்ளிப் பிடித்து முழுசாகப் பார்த்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். "இது நம்ம காட்ல கரும்பு வெட்ட வருவானே, மலை ஆளு, அவன் பையன்தான?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். மறுவாரமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்களுக்குள் காதல் இல்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொன்னாலும் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எங்கள் மூன்று பேருக்குள்ளும் இருந்தது வேறு. படிப்பு முடிந்துவிட்டது. சாதிக்குக்கு அவன் வீட்டுக் கறிக்கடை காத்திருந்தது, எனக்குக் கல்யாணம், கோவிந்துவுக்கு ஒன்றுமே இல்லை. மூழ்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி அந்த ஷெட்டில் பிடித்துக்கொண்டிருந்தோம். பேண்ட் தப்பித்தால் மூன்று பேரும் தப்பிப்போம். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வாசிக்கும்போது தெரியும். நான் சுருதி தவறினால் கோவிந்து பார்க்கிற பார்வையில் கோபத்தைவிட பயம்தான் ஜாஸ்தி இருக்கும்.

சென்னையில் ஒரு மேடை கிடைத்தது. அங்கே ஒரு மியூசிக் கம்பெனிக்காரர் வந்து கேட்டுவிட்டு, அடுத்த மாதம் ரெக்கார்டிங் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்குள் இன்னொரு மேடைக்கும் எங்களைப் பேசிவைத்தார். திரும்பி வருகிற ரயிலில் கோவிந்து படிக்கட்டுப் பக்கம் நின்று விடிகிற வரைக்கும் பாடிக்கொண்டே வந்தான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மலையில் மழை பொய்த்தது. சாமை கதிர் பிடிக்காமல் காய்ந்து நின்றது. வேலைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி வேனோடு ஊருக்கு வந்தான். கோவிந்துவின் அப்பாதான் போவதாக இருந்தது. அவருக்கு நெஞ்சுச் சளி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். அவருக்குப் பதிலாக இவன் ஏறிவிட்டான். எங்களுக்குப் போன் பண்ணி, குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போவதாகச் சொன்னான். ரெக்கார்டிங் இருக்கிறதே என்று நான் கத்தினேன். "அதுக்குள்ள வந்துருவேன். நீ பிராக்டிஸ் வுடாத," என்றான்.

அது மிளகு இல்லை. மரம். வேறு மாநிலத்துக் காட்டில், வெட்டக் கூடாத மரம். மலையிலிருந்து இப்படி வேனேறிப் போய் சிறைக்குப் போனவர்கள் நிறைய. என்ன வேலைக்குப் போகிறோம் என்று பாதி வழியில்தான் அவர்களுக்கே தெரியும் என்பார்கள். கோவிந்துவுக்கு எப்போது தெரிந்ததோ.

அவன் அப்பா ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். கீழ்நாட்டில் அவருக்குத் தெரிந்த பெரிய மனுஷன் என்றால் கூலி கொடுக்கிற எங்கள் அப்பாதான். வெயிலில் ஏறி இறங்கி வந்ததில் பேச மூச்சு இல்லை. "புள்ளய புடிச்சிகினு பூட்டாங்க சாமி," என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடிக்கத் தெரியாதவர் மாதிரி சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, "அந்தப் பையன் பாட்ட போடு," என்றார்.

போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கோவிந்து அப்பாவை வண்டியில் உட்காரவைத்து சங்கராபுரம் வக்கீலிடம் கூட்டிப்போனார். அதன்பிறகு பல தடவை அவனை அடைத்துவைத்திருந்த ஊருக்கே இருவரும் ரயிலேறிப் போய் வந்தார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு மட்டும், "அது வேற, இது வேற," என்றார். என் கல்யாணப் பேச்சும் நிற்கவில்லை.

அந்தப் பாட்டு நிஜமாகவே தலைதெறிக்க ஓடியது அப்போதுதான். செல்போனில் சுற்றுகிற மலைச்சாலை வீடியோக்களுக்குப் பின்னால், காலேஜ் பிரிவு உபசார விழாக்களில், டீக்கடையில், எங்கே போனாலும் அதுதான். டீவியில் கூப்பிட்டார்கள். கம்பெனிக்காரர் பதறிப்போய் விசாரித்தார், ஆனால் பாட்டு சூடாக இருக்கும்போதே ஏதாவது செய்தாக வேண்டும், வேறு யாராவது பாடினாலும் பரவாயில்லை என்றார். ரெக்கார்டிங் வேண்டாம் என்று சாதிக் உடனே சொல்லிவிட்டான். பேசிவைத்த மேடைக்கு மட்டும் போனோம். கோவிந்து உள்ளே இருப்பதை அங்கே சொன்னால் நாலு பேர் காதுக்குப் போகும், ஏதாவது நடக்கும் என்று ஒரு நப்பாசை.

நான்தான் பாடினேன். அவன் விஷயத்தையும் சொன்னேன், ஏதோ உளறினேன். மைக் இரைச்சலில் யாருக்குக் கேட்டதோ தெரியவில்லை. பாட்டை ஆரம்பித்ததும் கூட்டம் மொத்தமும் குதித்தது. நான் மட்டுந்தான் எறங்கல என்று கையைத் தூக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு கத்தினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. குதிக்கத்தானே அந்தப் பாட்டைப் பண்ணினோம். திரும்பிப் பார்த்தேன். சாதிக் வாயைப் பிளந்து அழுதுகொண்டே அடித்துக்கொண்டிருந்தான், தாளம் மட்டும் கொஞ்சமும் தப்பவில்லை.

கோவிந்து வெளியே வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எனக்கு அதற்குள் நிச்சயமாகியிருந்தது. வந்த சில நாளில் அவனே மலையிலிருந்து இறங்கி ஷெட்டுக்கு வந்தான். மொட்டைத் தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கட்ட வுழுந்துச்சி," என்றான்.

சாதிக் அவன் கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டி வைத்திருந்தான். கோவிந்து வாங்கி மடியில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியின்மேல் எடுத்து வைத்தான், வலது கையால் இடது விரல்களைப் பிடித்து. அடித்தான். செத்த சத்தம். மறுபடியும் எடுத்து வைத்தான். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் பாட ஆரம்பித்தேன், அவனும் சேர்ந்துகொள்வான் என்று. சாதிக் மெதுவாகத் தட்டினான். கோவிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் பாட்டையும் நானே பாடி முடித்தேன்.

"நல்லா கீது," என்றான். "யாரு பாட்டு?" என்று கேட்டான்.

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து சாதிக் சிரித்தான். கோவிந்து சிரிக்கவில்லை. கிடாரைத் துடைத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தான். ரொம்ப நேரம் இருந்தது பஸ்ஸுக்கு. அவன் ஓடவும் இல்லை, மெதுவாகத்தான் நடந்து போனான்.

எங்கள் பேண்டின் கதை அவ்வளவுதான். சாதிக் இப்போது வளைகுடாவில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை செய்கிறான். ஷெட்டை இடித்து கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். கோவிந்து நிஜமாகவே மிளகு பறிக்கப் போய்விட்டான், பொங்கலுக்கு வந்தால் எங்கள் அப்பாவைப் பார்க்க வருவான். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். பாட்டைப் பற்றி அவனும் பேசமாட்டான், நாங்களும் எடுக்கமாட்டோம்.

பாட்டு மட்டும் சாகவில்லை. யார் யாரோ புது மியூசிக் போட்டு, வார்த்தையை மாற்றி, தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் என் மாணவிகளே அதற்கு ஆடினார்கள், நான் பரிசு கொடுத்தேன். அந்தத் திருவிழா வீடியோவின் தொடக்கத்தில், பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன இடம் உண்டு. சாதிக் அவசரப்பட்டு அடிக்கத் தொடங்கிவிட, கோவிந்து திரும்பி, "இருடா, நான் இன்னும் மூச்சே வுடல," என்று சொல்லிச் சிரிப்பான். இப்போது சுற்றுகிறதில் எல்லாம் நேரே பாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. முழுசாக வைத்திருந்த என் பழைய போன் மழையில் நனைந்து போயிற்று. கள்ளக்குறிச்சியில் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். பாட்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தச் சிரிப்பை இனி யாரும் கேட்க முடியாது.